மகள் வரைந்த வண்டியில் கைப்பிடி இல்லை

1

கீழே யாரோ கார்க் கதவை மூடுகிறார்கள். ‘டொப்.’ தலையணை மேல் கனத்த புத்தகம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அது தானாக வருவதில்லை. கதவின் வயிற்றுக்குள் தார்ப்பட்டை ஒட்டி, விளிம்பில் ரப்பரை இரட்டையாக ஓட்டி, காதுக்குப் பணக்காரத்தனமாக விழும்வரை மூடி மூடிக் கேட்டுவிட்டுத்தான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நான் தாராவிக்கு வந்த காலத்தில் டாக்சிக் கதவுக்கு வேறு குரல். ‘டணார்.’ முதல் தடவை மூடாது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஜோர் ஸே” என்பார். ஓங்கி அறைய வேண்டும். அறைந்ததும் கண்ணாடி நடுங்கும், மீட்டர் பெட்டி நடுங்கும், முன்னால் ஒட்டியிருக்கும் சாமி நடுங்கும். தகரம் தகரத்தைத் தொட்டுவிட்டது என்று மட்டும் அந்தச் சத்தம் சொல்லும். அதற்கு மேல் ஒரு பொய்யும் சொல்லாது.

சென்ற வியாழக்கிழமை காலையில் செம்பூர் வீட்டுப் பால்கனியில் நின்று இந்த ‘டொப்’பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கார் ஷோரூமில் இருந்து ஒரு பெண். பாட்டுப் பாடுகிற மாதிரி இந்தி.

“பதாயி ஹோ சார். இன்னிக்கு உங்க காடிக்கு முதல் பிறந்தநாள்.”

சந்தோஷம் என்றேன்.

“வண்டி எப்படி இருக்கு சார்? வீட்ல எல்லாரும் குஷியா?”

கீழே பார்த்தேன். என் மனைவி தங்கம் மூட்டு டாக்டரிடம் போவதற்கு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். டிரைவர் முதுகுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியை எட்டிப் பிடித்தாள். ஒரு மூச்சு நின்றாள். பிறகு தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே எங்கள் கார், உறை போர்த்தி, மழையில் படுத்த எருமை மாதிரிக் கிடந்தது. எங்கள் மகள் வரைந்த கார்.

“எல்லாரும் குஷி” என்றேன். அப்படியானால் ஐந்து நட்சத்திரம் போடும்படி கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், இவன் காரும் பங்களாவுமாக வாழ்ந்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவிலில் ரயிலேறி, தாதரில் இறங்கி, தாராவியில் மாமா வீட்டு மச்சில் முதுகு நிமிர்த்த முடியாமல் படுத்தவன் நான். என்னோடு வந்தவர்களில் சிலருக்கு சினிமாப் பைத்தியம், சிலருக்குச் சீட்டு. எனக்குக் கார். பெண்களைப் பார்க்கிற வயதில் பானெட்டைப் பார்த்தேன். மாட்டுங்கா சிக்னலில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தை வைத்தே வருகிற வண்டியின் பெயர் சொல்லுவேன். அதற்காக ஒருவர் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. அம்பர்நாத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் பொருத்துகிறவன். செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, இன்னொருவன் தோளில் தூங்கிக்கொண்டே போய்ச் சேருகிற வேலை. இடிபட்ட காருக்குப் புதுக் கதவு போட்டால் அது மட்டும் பளபளவென்று தனியாக நிற்கும் அல்லவா? பழைய உடம்போடு அந்தக் கதவைச் சேர்த்துவைக்கிற நிறத்தைக் கலந்து கொடுக்க வேண்டும். வெயிலில் வெளுத்த சிவப்பு ஒன்று, கடற்காற்றில் வெளுத்த சிவப்பு வேறொன்று. எனக்குள் அவற்றுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்: நேற்று வைத்த ரசம், துவையல் பச்சை, காய்ச்சல்காரன் நாக்கு.

இதனால் தாராவியிலும் செம்பூரிலும் நம் ஆட்களில் யார் கார் எடுத்தாலும் டெலிவரி நாளில் நான் கூட நிற்க வேண்டும் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாட்டுங்காக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதற்கு முன்னால் நான் வண்டியைச் சுற்றி வரவேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வைப்பேன். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. விரல் நகத்தால் ஒவ்வொரு இடுக்கையும் தடவுவேன். சீட்டுக்கு அடியில் மூக்கை வைப்பேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு என்ன வாசனை அடித்தாலும், சீட்டுக்கு அடியில் பம்பாய் மழையின் ஜூலை மாதம் இருக்கும்.

தாராவியில் சீட் கவர் தைக்கிற மைதீன், கடையநல்லூர்க்காரர், என் நெடுநாள் கூட்டாளி. அவருக்கு இது பெரிய கிண்டல்.

“பொண்ணு பாக்கப் போற எடத்துல பல்லத் தட்டிப் பாக்குற ஆளுவே நீரு.”

“தட்டிப் பாக்காமக் கெட்டினவன் ஒம்மகிட்டதான சீட் மாத்த வாரான்?”

“வரட்டும்வே. எனக்கும் நாலு பிள்ளைய.”

3

இதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத ஓடாது.

இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு கோபம்? சிக்னலில் நின்று பாருங்கள். விளக்குகளை இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிற மாதிரி வரிசையாக நிற்கின்றன. உள்ளே இருப்பவர் டியூஷனுக்குப் பிள்ளையை விடப்போகிற அப்பா. பம்பரில் இரண்டு பக்கமும் காற்றுத் துளை மாதிரி ஒன்று இருக்கும். விரலை விட்டால் உள்ளே போகாது. மூச்சு விடாத மூக்கு. பின்னால் வெள்ளிக் குழாய் மாதிரி இரண்டு இருக்கும். புகை வருவது கீழே ஒளிந்திருக்கும் துருப்பிடித்த குழாயில். ஏசியைக் கூட்டக் குறைக்க முன்பெல்லாம் ஒரு திருகு. கை தானாகப் போகும், கண் ரோட்டில் இருக்கும். இன்று அதற்கு விரலால் தொடுகிற கண்ணாடிப் பலகையில் மூன்று கதவு திறக்க வேண்டும், சயான் சர்க்கிள் குழிகளுக்கு நடுவே.

பழைய டாக்சியின் கூரை ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய் ஓடும். பார்க்க அசிங்கம். ஆனால் ஆடி மாத மழையில் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் முன்பக்கமாக ஓடிப்போய் விழும். இப்போது கூரை வழவழ என்று அழகாக இருக்கிறது. கதவைத் திறந்த மாத்திரத்தில் மொத்தத் தண்ணீரும் உட்காருகிறவர் மடியில்.

நிறத்தைச் சொன்னால் என் தொழிலே அழுகிறது. வெள்ளை, வெள்ளி, சாம்பல். வெள்ளி என்பது சாம்பலின் கல்யாணக் கோலம், அவ்வளவுதான். திருப்பி விற்க வசதி என்கிறார்கள். வாங்குகிற நாளிலேயே விற்கிற நாளை நினைத்து வாங்குகிற பொருளின் மேல் யாருக்குப் பிரியம் வரும்?

என் கட்சி ஒன்றே ஒன்று. காரை ஓட்டுகிறவனின் சீட்டில் இருந்து பார்க்கக் கூடாது. ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஏறும்போது அவர்களுடைய கை எங்கே போகிறது, கால் எங்கே தடுக்குகிறது, இறங்கும்போது எதை நம்பி எழுந்திருக்கிறார்கள். சின்ன வயதில் என் மகள் கோமதிக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இதைத்தான் ஓதினேன். பிள்ளைக்கு நிலாவைக் காட்டாமல் பிரேக் லைட்டைக் காட்டுகிற அப்பனை எங்கே கண்டோம் என்று தங்கம் தலையில் அடித்துக்கொள்வாள்.

4

பிள்ளை கேட்டுக்கொண்டது. கோமதி காய்கறிப் பையிலும் மின்சார பில்லின் பின்பக்கத்திலும் கார் வரைந்தாள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும். இந்த எழுத்தையும் அவள் படிக்கப் போவதில்லை. ஆனால் கோடு அவள் விரலில் தண்ணீர் மாதிரி ஓடும். வடிவமைப்புப் படித்தாள். பூனாப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் உட்புறம் வரைகிற பிரிவில் சேர்ந்தாள். சீட்டு, கதவின் உள்பக்கம், கூரை, பிடி.

ஒரு விடுமுறையில் வந்தபோது, மஞ்சள் நுரைக்கட்டையில் செதுக்கிய சாமான் ஒன்றைப் பையில் இருந்து எடுத்தாள். கூரையை ஒட்டிக் கதவுக்கு மேலே இருக்குமே, ஏறும்போதும் இறங்கும்போதும் எட்டிப் பிடிக்கிற கைப்பிடி, அதன் மாதிரி.

“அம்மா, இதைப் பிடி. தோசை திருப்புற மாதிரி இல்ல, ஏறும்போது பிடிப்பல்ல, அப்படி.”

தங்கத்துக்கு மூட்டு வாதம். தாராவியில் இருந்த நாட்களில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் மாவு அரைத்துக் கொடுத்த மணிக்கட்டு, இப்போது ஊன்றினால் தாங்காது. தொங்கினால் தாங்கும். டாக்டரும் அதையே சொன்னார்: எதையும் அழுத்தி எழுந்திருக்காதீர்கள், பிடித்து இழுத்து எழுந்திருங்கள். தங்கம் நுரைக்கட்டையைப் பிடித்தாள். வலித்த இடத்தைச் சொன்னாள். கோமதி அங்கேயே, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கத்தியால் சீவினாள். தங்கம் மறுபடி பிடித்தாள். மகள் மறுபடி சீவினாள். வீடெல்லாம் மஞ்சள் தூள். கூட்டியது நான்.

“இப்ப?”

“இப்ப நல்லா அடங்குதுட்டி.”

வண்டி வெளியானபோது செம்பூர் ஷோரூமில் நாங்கள்தான் முதல் ஆட்கள் போல. நடுக்கூடத்தில் வெளிச்சம் பாய்ச்சி நிறுத்தியிருந்தார்கள். அதன் முகத்திலும் கோபம் இருந்தது. என் மகள் முகத்துக்குப் பொறுப்பில்லை என்று மன்னித்தேன். தங்கம் நேரே பின்கதவுக்குப் போனாள். கையை மேலே கொண்டுபோனாள். பிடித்தாள். கால் உள்ளே, உடம்பு உள்ளே. ஒரு முனகல் இல்லை. முன்சீட்டிலும் அதே பிடி. அதிலும் ஏறி இறங்கிப் பார்த்தாள், ராட்டினத்தில் ஏறுகிற பிள்ளை மாதிரி. விற்கிற பையனிடம் தன் இந்தியில் சொன்னாள்:

“யே மேரா ஹாத் ஹை.”

இது என் கை. அவன் தலையாட்டிவிட்டுச் சன்ரூஃபைத் திறந்து காட்டினான்.

அன்றே புக் பண்ணினோம். வண்டி கைக்கு வர மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். கோமதியிடம் சொன்னபோது போனில் சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் பிந்தித்தான் சந்தோஷப்பட்டாள். நெட்வொர்க் என்று நினைத்தேன்.

5

டெலிவரி நாளில் நான் காந்தத்தை எடுத்துப் போகவில்லை.

மைதீன் கேட்டார். “என்னவே, ஊரு வண்டிய எல்லாம் மோந்து பாத்தீரு, ஒம்ம வண்டிய பாக்க வேண்டாமா?”

“எம் மக செஞ்ச வண்டிவே. அதத் தட்டிப் பாத்தா அவளத் தட்டிப் பாத்த மாதிரி.”

ஒரு இடுக்கையும் தடவாமல், ஒரு கதவையும் திறந்து பார்க்காமல், சாவியை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய சாவிப் படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஷோரூம் பையன்களோடு போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் மட்டும் மாட்டுங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தங்கம் கோயிலில் பூவோடு காத்திருந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பட்டர் கற்பூரம் காட்டினார். தங்கம் பின்கதவைத் திறந்து கையை மேலே கொண்டுபோனாள்.

கை துணியைத் தடவியது. இன்னும் கொஞ்சம் முன்னால் போய்த் தடவியது. பின்னால் போய்த் தடவியது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை எப்படிப் போகுமோ அப்படி.

“ஏங்க, இதுல அது இல்லையே.”

எந்தக் கதவிலும் இல்லை. முன்னாலும் இல்லை. இருந்த தடம்கூட இல்லை. வழவழ என்று கூரைத் துணி.

அவளை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கையைக் கொடுத்தேன். என் முழங்காலும் வலியில் அவளுக்குச் சளைத்ததில்லை. இறங்குகிற நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாட்ச்மேன் மேல் சாய்ந்தோம். அவள் சிரித்தாள். “நாம ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா யாரு தூக்க? எனக்கு ஆட்டோவே போதும். அதுல கம்பி இருக்கு.” அன்றைக்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவில்லை.

ஷோரூமுக்குப் போனேன். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் கைப்பிடிக்கு இந்தியில் என்ன என்று சட்டென்று வரவில்லை. “ஊபர் கா டண்டா” என்றேன். மேலே இருக்கிற தடி. பையன்கள் சிரித்தார்கள், எந்தத் தடி அங்கிள், யாரை அடிக்க என்று. மேனேஜர் வந்தார். அது ‘ரன்னிங் சேஞ்ச்’ சார் என்றார். அதாவது வண்டி விற்றுக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் சொல்லாமல், ஒரு நாளில் இருந்து ஒரு சாமானை எடுத்துவிடுவது. விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம், முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது என்று. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. மறுநாள் உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. நான் தீரவில்லை என்று எழுதினேன். அதற்கு ஒரு புது எண் வந்து, அதுவும் தீர்ந்தது. என் கஷ்டங்கள் வாழ்நாளில் இவ்வளவு வேகமாகத் தீர்ந்ததே இல்லை.

மைதீனிடம் கொண்டுபோனேன். பழைய வண்டியின் பிடி ஒன்றைத் தேடி எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். கூரைத் துணியில் காதை வைத்துத் தட்டினார்.

“முடியாதுவே. ஸ்குரு புடிக்க உள்ள தகரமே வைக்கல. கம்பெனிலயே நெனச்சு எடுத்துருக்கான். நாம துளை போட்டா விபத்துல விரியுற காத்துப் பை இந்த ஓரமாத்தான் ஓடுது, அது கிழிஞ்சிரும். தோல் வார் தச்சுத் தரலாம்னா, அதக் கெட்ட எடமில்ல.” பிறகு கேட்டார்: “பாப்பாகிட்ட சொன்னீரா?”

சொல்லவில்லை. கதவுப் பூட்டில் மாட்டி ஊன்றி எழுந்திருக்கிற கொக்கி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒரே தடவை, நின்ற வண்டியில் சும்மா ஊன்றிப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கியது. பூனாவில் யாரோ கணக்கப்பிள்ளை, முகம் தெரியாத ஒருவன், என் மகள் செதுக்கியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டான் என்று நானே தீர்மானித்திருந்தேன். அவள் அங்கே எவ்வளவு மன்றாடினாளோ, அதை நாம் வேறு கேட்டுக் கிளற வேண்டாம் என்று இருந்தேன்.

6

வண்டி வந்த அடுத்த மாதம், மழைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோமதி தன்னோடு வேலை பார்க்கும் நிகிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாள். மராத்திப் பையன். நல்ல பையன். தங்கம் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தாள். அவன் “ஏக் நம்பர் ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான்.

“அங்கிள், கோமதி உங்ககிட்ட சொன்னாளா? இந்த வருஷம் எங்க பிளான்ட்லயே பெஸ்ட் ஐடியா இவளோடதுதான். மேடையில கூப்பிட்டுக் கை குடுத்தாங்க.”

என்ன ஐடியா தம்பி என்று கேட்டேன். வாயெல்லாம் பல்லாகத்தான் கேட்டேன்.

“அந்தக் கூரைப் பிடி இருக்கில்ல? அதை எடுத்துரலாம்னு. ஒண்ணுக்கு ஒரு கட்டிங் சாயா, அரை கிளாஸ் டீ, அந்தக் காசுதான் மிச்சம். ஆனா எத்தனை வண்டி! எல்லாரும் பெரிசு பெரிசா யோசிச்சிட்டு இருந்தோம். இவதான் சொன்னா, இதை எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு. அப்படியே ஆச்சு. யாரும் கேக்கல.”

கோமதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்ததையே பிசைந்துகொண்டிருந்தாள். அவன் பேசியது முழுக்க இந்தி. தங்கத்துக்குக் காய்கறிக்காரன் இந்திதான் தெரியும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவள் கரண்டியை எடுத்தாள்.

“தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தட்டுமா?”

அவனை ரயிலுக்கு விட்டுவிட்டுத் திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தினேன். மழை. கோமதி என் பக்கத்தில்.

“பிடியை எடுத்தது நீயா?”

“ஆமாப்பா.”

“அம்மா கைய வச்சுச் செதுக்கினது.”

“எனக்குத் தெரியாதா?”

“பிறகு ஏம்மா?”

“ஒவ்வொரு வருஷமும் ஆளுக்கு ஒரு ஐடியா கொடுத்தே ஆகணும்ப்பா. எதை எடுத்தா கஸ்டமர் கேக்க மாட்டான்னு. அதான் கேள்வியே. கொடுக்கலன்னா கூப்பிட்டு உக்கார வச்சுக் கேப்பாங்க. பிடி எப்படியும் போயிருக்கும். எவனாவது சொல்லியிருப்பான். என்னோட பிடி. எவனோ எடுத்துப் பேர் வாங்கறதுக்குப் பதிலா நானே எடுத்தேன்.”

“நாங்க புக் பண்ணிருந்தது உனக்குத் தெரியும்.”

“உங்க வண்டி பழைய பேட்ச்ல வந்துரும்னு நினைச்சேன். மாத்தற தேதியை முன்னாடியே கொண்டு வந்துட்டாங்க.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

“வெளிய சொல்லக் கூடாதுப்பா. வேலை போயிரும்.”

“நான் வெளியவா?”

 வைப்பர் போய்ப் போய் வந்தது.

“வாங்கறவங்ககிட்ட ஸ்டடி பண்ணாங்க. யாரும் அதை யூஸ் பண்றதா சொல்லல.”

“ஒங்கம்மாட்ட கேட்டாங்களா?”

“அம்மா வாங்கறவங்க இல்லையேப்பா. உக்கார்றவங்க.”

அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றுவரை அது என் நெஞ்சில் இறங்காமல் நிற்கிறது. சோற்றோடு நான் ஊட்டியதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்கிறாள், கோபமில்லாமல், திட்டமில்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? ஒரு ஆள் இல்லை. ஏசி ஓடுகிற ஒரு பெரிய அறை, அதில் நல்ல பிள்ளைகள், நிகில் மாதிரி நல்ல பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவை, யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒன்றை எடுக்கிறார்கள். ஒருவன் கூரைக் கால்வாயை எடுத்தான். ஒருவன் ஏசித் திருகை எடுத்தான். ஒருவன் நிறத்தை எடுத்தான். நான் வாழ்நாளெல்லாம் கும்பிட்ட தொழில் இது. காதலித்தவள் வீட்டு வாசலில் போய் நின்றால், யார் நீங்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மிச்சம் பிடித்த காசில் என்ன செய்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மின்னிக்கொண்டிருந்த கண்ணாடிப் பலகையைக் காட்டினாள்.

“இதைக் கொஞ்சம் பெரிசு பண்ணாங்க.”

அதில் மழை பெய்கிற படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெய்வதை எங்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

7

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷமாக வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோமதி ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். மழையா என்பாள். மழை என்போம். தங்கம் அவளிடம் வண்டியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அன்றைக்கு நிகில் சொன்னது புரிந்ததா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டு, புரிந்தது என்று அவள் சொல்லிவிட்டால் அதை எங்கே வைப்பது என்று பயம். வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு தடவை சொன்னேன். “பிள்ள செஞ்சத விக்கவா?” என்று மட்டும் கேட்டாள். அதனால் உறையைப் போட்டேன். பேட்டரி சாகாமல் இருக்க அவ்வப்போது எஞ்சினை மட்டும் ஓடவிடுவேன். அம்பர்நாத்துக்கு நான் எப்போதும் போல ரயிலில்.

இப்போது கம்பெனி அவளை ஐரோப்பாவில் இருக்கும் தன் வரைகூடத்துக்கு அனுப்புகிறது. அந்த மேடையில் கை கொடுத்ததன் தொடர்ச்சிதான் எல்லாம். எத்தனை வருஷம் என்று கேட்டேன். பார்க்கலாம்ப்பா என்றாள். இந்த வார்த்தையை நான் ஊரில் என் அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறியவன். அதனால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் விமானம். டாக்சி சொல்லட்டுமா என்றேன்.

“வேணாம். நம்ம வண்டியிலயே போலாம்ப்பா.”

உறையை எடுத்தேன். ஒரு வருஷத் தூசி உறையில்தான் இருந்தது. வண்டி புதிதாகவே இருந்தது. அதுதான் இன்னும் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பெரிய பெட்டிகளை டிக்கியில் ஏற்றினேன். மைதீன் தாராவியில் இருந்து ஸ்கூட்டரில் வந்து, தோலில் தைத்த பாஸ்போர்ட் உறை ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

“எங்க போனாலும் நம்ம ஆளுவ கை பட்டது ஒண்ணு கூட இருக்கட்டும் பாப்பா.”

அவள் தலையை ஆட்டினாள். அவருடைய சொல்லில் குத்தல் இல்லை. பிடியை எடுத்தது அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவள் காது சிவந்ததைப் பார்த்தேன். எனக்கு அது பொருத்த வராத நிறம்.

தங்கம் லிஃப்டில் இறங்கி வாசல் வரை வந்தாள். நெற்றியில் விபூதி இட்டாள். ஊறுகாய்ப் பாட்டில் உடையாமல் இருக்க எத்தனை துண்டு சுற்றியிருக்கிறாள் என்று மறுபடி விளக்கினாள். பஸ், பஸ், போதும், புரிஞ்சுது அம்மா என்றாள் கோமதி. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். கண்ணாடிப் பலகை விழித்துக்கொண்டு எனக்கு நல்வரவு சொன்னது.

கோமதி ஏறவில்லை. சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நீயும் ஏர்போர்ட் வரைக்கும் வாயேன்.”

“நான் எதுக்குட்டி? ரோடெல்லாம் தோண்டிப் போட்டுருக்கான்.”

“வாம்மா. ஒரு தடவை. என் வண்டியில நீ உக்காந்து நான் பாத்ததே இல்ல.”

தங்கம் வந்தாள். கதவு வரை வந்தாள். உள்ளே பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அவள் வலது கை கொஞ்சம் உயர்ந்து, பாதி வழியில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. கோமதி அதைப் பார்த்துவிட்டாள். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“என்னைப் பிடிச்சுக்கோ. நான் ஏத்தி விடறேன்.”

தங்கம் அந்தக் கைகளை வாங்கிக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். ஒரு கையின் மேல் ஒரு கையை வைத்து, மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ஏத்தி விட இப்ப நீ இருக்க, தாயி. நான் திரும்பி வந்து எறங்குறப்ப நீ வானத்துல இருப்பியே.”